பாலம் இருக்க பயமேன்?

பேரிடர் மேலாண்மையை உலகம் சென்னை வேளச்சேரிக்கு வந்துதான் கற்க வேண்டும். கார் மிதக்கும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளம் சொல்லிக்கொடுத்தது. 2024 அக்டோபரில் வானிலை மையம் எச்சரித்து வாய் மூடவில்லை. மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டிவிட்டன. ஏரியைத் தூர்வாருவது, வடிகால் வெட்டுவதெல்லாம் பழைய பஞ்சாங்கம். ஊர் தாழ்ந்தால் என்ன, பாலம் உயரம்தானே! (மனை விற்பவர்கள் இனி 'மேம்பாலத்துக்கு மிக அருகில்' என்று விளம்பரம் செய்யலாம்.)

2023 மிக்ஜாம் புயலின்போதே எங்கள் மாமா முந்திக்கொண்டார். பாலத்துக் கைப்பிடிச் சுவரோரம் காரை நிறுத்தி, கண்ணாடியை மடக்கி, வீட்டில் இருந்த ஒரே தார்ப்பாயைப் போர்த்தி, கயிற்றால் இறுக்கிக் கட்டினார். ஒரு சொட்டுப் படவில்லை.

மறுநாள் வீட்டுக்குள் இடுப்பளவுத் தண்ணீர். மொட்டை மாடியில் நனைந்தபடி மாமி கேட்டார்: "அந்தத் தார்ப்பாய் எங்கேங்க?"