ஈஸ்டுக்கும் ஒரு டீமேக்கர் வேண்டும்

அன்பின் மச்சானுக்கு,

இங்கிலாந்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை குசினியிலேயே பியர் காய்ச்சுகிறார்கள் என்று எழுதியதற்கு, பொலிஸ் பிடிக்காதா என்று கேட்டிருந்தாய். பிடிக்காது. அதற்கு வேண்டியிருந்த அனுமதிப்பத்திரத்தை 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மௌட்லிங் ஒழித்துவிட்டார். தாங்கள் குடிக்கக் காய்ச்சலாம், விற்கத்தான் கூடாது. ஆனால் பொலிஸ் பிடிக்காத மாதிரியே, பலருடைய பியர் குடிக்கிறவர்களுக்கும் பிடிப்பதில்லை. உடனே காய்ச்சியவர்கள் செய்முறையைக் குறை சொல்லி, கசப்புக்குப் போடும் ஹொப்ஸில் விலை கூடியதைத் தேடிப் போகிறார்கள். என் கட்சி வேறு: காய்ச்சும் நாளில் வரும் வில்லங்கங்களில் பெரும்பாலானவை சூட்டை அளக்காததால் வருகின்றன. உருட்டிய கொழுந்தைப் பரப்பி, சூடேறாமல் காத்து, மூக்கால் மணந்து, ட்ரையருக்கு அனுப்பும் நேரத்தைச் சொல்கிறாரே உங்கள் பெக்டரி டீமேக்கர், அவரைக் கொண்டுவந்து விட்டால் இந்த ஊர்க் குசினிகள் உருப்படும்.

முளைகட்டிய பார்லியை ஊறவைக்கும் தண்ணீர் 65 முதல் 68 செல்சியஸ் பாகைக்குள் நிற்க வேண்டும். அதில்தான் மாப்பொருள் சீனியாகிறது. 80ஐத் தாண்டினால் அந்த வேலையைச் செய்யும் நொதியங்கள் செத்துவிடும். பிறகு கிடைப்பது பார்லிக் கஞ்சி. கொஞ்சம் ஏறியவுடனே கண்டால் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கிளறித் தப்பலாம், அளந்தால்தானே காண்பது! அடுத்தது, ஊறிய சாறின் சீனியை அளக்கும் நீர்மானி. அது 20 பாகையில் படிப்பதற்குச் செய்த கருவி. கொதிக்கக் கொதிக்க உள்ளே விட்டால் இருக்கும் சீனியைக் குறைத்துக் காட்டும். மனிதர் பதறி, கிலோக் கணக்கில் சீனி கொட்டுவார். பிறகு ஈஸ்ட். ஆறாத சாறில் போட்டால் சாகும், குளிர்ந்த அறையில் வைத்தால் தூங்கும். தூங்குவதை முடிந்ததென்று நினைத்துப் போத்தலில் அடைத்தால், கோடையில் அது விழித்துக்கொண்டு போத்தலை வெடிக்க வைக்கும்.

சுத்தம்தான் முக்கியம், சூடு என்ன சூடு என்பாய். சுத்தம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் சாறு கொதிக்கும் ஒரு மணிநேரத்தில் கிருமி தங்காது, ஆபத்து ஆறும்போதுதான். மெதுவாக ஆறவிடுவதுதான் பக்டீரியாவுக்கு விருந்து. ஐஸ் தண்ணீரில் பானையை இறக்கி விரைவாக ஆற்றினால் பாதிக் கவலை தீரும். குழாய்த் தண்ணீரின் குளோரின் மட்டும் என் கட்சிக்குள் அடங்காது. அது பியருக்கு ஆஸ்பத்திரி வாசம் தரும். அதற்கு ஒரு மெட்டாபைசல்பைட் குளிசை போதும்.

நுவரெலியாவே எனக்குச் சாட்சி. 1881இல் அங்கே மதுவடிசாலை வைத்தவர்கள் பார்லியும் ஹொப்ஸும் விளைகிறது என்றா மலை ஏறினார்கள்? அவை கப்பலில் வந்து மேடேறின. மலை இலவசமாகக் கொடுத்தது குளிரும் ஊற்றுநீரும். குளிர்பதன இயந்திரம் பெருகிய பின் அந்த ஆலை பியகமவுக்கு இறங்கிப்போனதில் வியப்பில்லை. மலை இதற்கு முற்றிலும் தோதான இடமும் அல்ல: கிட்டத்தட்ட 1870 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், ஹொப்ஸின் கசப்பு இறங்கக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

இந்த வீட்டுப் பியரும் கசிப்பும் ஒன்றுதானே என்று மாமி கேட்பார். ஒன்றல்ல. கசிப்பு வடிப்பது, அதில் என்ன கலந்தார்கள் என்பது குடித்த பிறகுதான் தெரியும். இது வடிக்காதது, மதுசாரம் ஐந்து வீதம் மட்டில். ஆனாலும் இதைப் படித்துவிட்டு லயத்துக் குசினியில் பானை ஏற்றாதே. நம் நாட்டில் 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது, அதை நீக்க மௌட்லிங் வரப்போவதில்லை. யாராவது இங்கே புறப்பட்டால் பி.ஓ.பி. தேயிலை ஒரு கிலோ கொடுத்தனுப்பு.

அன்புடன்,
உன் மச்சான்