ஒரு பெருங்குடல்காரனின் நன்றியுரை

பாதிக் கூட்டம் எழுந்து போய், மைக்செட்காரர் ஒயரைச் சுருட்டத் தொடங்கிய பிறகு ஒருவர் அவசர அவசரமாகப் படித்து முடிப்பதற்குப் பெயர்தான் நன்றியுரை. எனக்கும் அவசரம்தான். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்கிற பெருங்குடல் அழற்சி உள்ளவனுக்கு எந்த அரங்கிலும் கதவோர நாற்காலிதான் தலைமை நாற்காலி. ரத்தமும் சளியுமாகப் போவதை இங்கே விவரிக்கமாட்டேன். சாம்பாரை ஊற்றிக்கொண்டே சர்க்கரை அளவைப் பற்றிப் பெருமை பேசும் நாட்டில், குடல் என்றால் மட்டும் "சாப்பிடுற நேரத்துல என்ன பேச்சு" என்பார்கள்.

முதல் நன்றி உறவினர்களுக்கு. ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் என் கன்னங்கள் உப்பின, முகம் தாம்பாளம்போல் வட்டமானது. ராத்திரி தூக்கம் இல்லை. கை நடுங்கியது. காரணமே இல்லாமல் மனைவிமேல் எரிந்து விழுந்தேன். சர்க்கரை ஏறியது. அந்த முகத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் போனால், பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் மகிழ்ந்தார்கள்: "என்னப்பா, நல்லா பூசினாப்ல ஆயிட்டே! உடம்பு தேறிடுச்சு." நோயில் துரும்பாக இளைத்தபோது என்னைப் பார்த்துப் பயந்தவர்கள், ஸ்டீராய்டில் வீங்கியபோது வாழ்த்தினார்கள். வாழ்த்திய கையோடு, "இங்கிலீஷ் மருந்தெல்லாம் சூடு, நிறுத்திடு, மோர் குடி" என்று ஆலோசனையும் சொன்னார்கள். ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும்போது திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. மோர் வந்து காப்பாற்றாது.

இதை மெடிக்கல் ஷாப்பிலாவது சொல்லியிருக்கலாம். அங்கே பழைய சீட்டு போதும், புதுச் சீட்டு வேண்டாம், சில சமயம் சீட்டே வேண்டாம். அட்டை விலையும் மலிவு. கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு இந்த நோயின் சீற்றத்தை அடக்கும் என்று பிரிட்டனில் மருத்துவர்கள் ட்ரூலவும் விட்ஸும் 1955இல் நிரூபித்தார்கள். அடங்கிய நோய் திரும்பி வராமல் தடுக்க அது உதவாது என்பதும் அடுத்த சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. நம்மூரில் முதல் பாதிச் செய்தி மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. அதனால் வருடக்கணக்கில் ப்ரெட்னிசலோனிலேயே காலத்தை ஓட்டி, முப்பத்தைந்து வயதில் கண்புரையும் எலும்புத் தேய்மானமும் சம்பாதித்தவர்கள் இருக்கிறார்கள். கடைக்காரருக்கு அவர்கள் நிரந்தர வாடிக்கையாளர்கள்.

அடுத்து என் மருத்துவருக்கு நன்றி. கெட்டிக்காரர். வாசலில் அறுபது பேர் காத்திருக்க, என்னை உட்காரவைத்து நிமிடக்கணக்கில் பேச அவரால் முடியாது, அது எனக்கும் புரிகிறது. ஆனால் இந்த நோய்க்கான மெசலமைன் மருந்தை எனிமாவாக எழுதியவர், எப்படிப் போட்டுக்கொள்வது என்று கேட்டதற்கு "அதுலயே போட்டிருக்கும்" என்றார். போட்டிருந்தது, ஆங்கிலத்தில், எறும்புக்குக் கண்ணாடி தேவைப்படும் எழுத்தில். கடைப் பையன் பெட்டியைத் தூக்கிப் பிடித்து, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்க, "அண்ணே, இது பின்னாடி வைக்கிறதுதானே?" என்றான். அந்தக் கடையில் மருந்தைப் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே விளக்கம் அதுதான். அவனுக்கும் நன்றி. இடப்பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும், படுக்கப் போகும் முன் போட வேண்டும், முடிந்த மட்டும் இரவெல்லாம் உள்ளே தாங்க வேண்டும் என்பதை இன்னொரு நோயாளி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மாத்திரை விஷயமும் அப்படித்தான். வயிற்று அமிலத்தில் கரையாமல், குடலின் கடைப்பகுதிக்குப் போய்த் திறப்பதற்காகவே மெசலமைனுக்கு ஒரு பூச்சு பூசியிருக்கிறார்கள். மருந்து இறங்கிய பிறகு அந்தக் கூடு மட்டும் சில நேரம் வெளியே வரும். சில நேரம் மாத்திரை முழுசாகவே வந்துவிடும், அப்போதுதான் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன் விடியற்காலையில் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பான். பார்த்துவிட்டு, "சாப்பிட்டதெல்லாம் அப்படியே போகுது, காசுதான் தண்டம்" என்று மருந்தை நிறுத்துவான். நிறுத்தினால் என்ன ஆகும் என்று அடுத்த சீற்றம் வந்து சொல்லும்.

இதே மாத்திரையில் அமெரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்தது. அசகால் என்ற மெசலமைன் மாத்திரையின் காப்புரிமை முடிகிற நேரம். மலிவு விலை மாத்திரைகள் வாசலில் நிற்கின்றன. 2013இல் அதை விற்ற நிறுவனம் அசகாலைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டு, டெல்சிகால் என்ற புதிய காப்ஸ்யூலைக் கொண்டுவந்தது. உறையைப் பிரித்தால் உள்ளே ஒரு மாத்திரை! பழைய பூச்சில் இருந்த ஒரு வேதிப்பொருளை நீக்கினோம் என்றது நிறுவனம். மலிவு மருந்து வராமல் தடுக்கப் போட்ட வேஷம் என்று சொல்லி, வாங்கினவர்கள் வழக்குப் போட்டார்கள். மாத்திரைக்குச் சட்டை மாட்டிவிட்டதையும் புதுமை என்கிற அந்த மூளைக்குத் தனியாக ஒரு பொன்னாடை. இதே நோய்க்குப் போடும் ஹ்யூமிரா ஊசிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, அவர்களுக்கும் உண்டு. 2003இல் கடைக்கு வந்த அந்த ஊசியின் விலையை 27 முறை ஏற்றினார்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவே 2021இல் கணக்குக் காட்டியது. அதற்கு நிகரான ஊசியை அகமதாபாத் நிறுவனம் ஒன்று 2014 டிசம்பரிலேயே இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளைச் சுற்றுச்சுவராக எழுப்பியிருந்ததால், அமெரிக்க நோயாளிக்கு மாற்று ஊசி கிடைக்க 2023 ஜனவரி ஆயிற்று. இங்கே சீக்கிரம் வந்ததே என்று சந்தோஷப்பட்டு விலையைக் கேட்டேன். கடைக்காரர் முதலில் என் செருப்பைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

இனி என் மனமார்ந்த நன்றி காப்பீட்டுத் துறைக்கு. கேலி இல்லை. உறவினர் மறைத்ததை, மருத்துவர் சீட்டில் கிறுக்கியதை, முழுப் பெயரோடும் நோய்க் குறியீட்டு எண்ணோடும் தெளிவாக அச்சடித்துவைத்தது அவர்கள்தான். ஏற்கெனவே நோய் உள்ளவருக்கு எந்தெந்த நோய்களை நிரந்தரமாக விலக்கிவைக்கலாம் என்று காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2019 செப்டம்பரில் ஒரு பட்டியல் போட்டது. பதினாறு வகை நோய்கள். குடல் அழற்சியின் இன்னொரு வகையான கிரோன், கே50. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், கே51. விண்ணப்பத்தையே தூக்கி எறியாமல், நோயை மட்டும் தள்ளிவிட்டு மீதி உடம்புக்குப் பாலிசி கொடுக்கும் கருணை இது. அதுவும் நோயாளியின் சம்மதத்தோடு! என் கல்லீரலுக்குக் காப்பீடு உண்டு, முழங்காலுக்கு உண்டு, நான் இதுவரை நினைத்தும் பார்த்திராத கணையத்துக்கும் உண்டு. தினமும் ரத்தம் வடிக்கிற அந்த ஒன்றரை மீட்டர் குழாய்க்கு மட்டும் கிடையாது. பிரீமியத்தில் அந்த ஒன்றரை மீட்டருக்குக் கழிவு ஏதும் உண்டா என்று கேட்டேன். ஏஜென்ட் தம்பி சிரித்தான். நான் சிரிக்கவில்லை. நோய் வராதவனிடம் பணம் வாங்கிக்கொண்டு, வந்தவனைப் பார்த்ததும் கதவைச் சாத்துவதற்குக் காப்பீடு என்று பெயர் வைத்திருக்கும்வரை எனக்குச் சிரிப்பு வராது.

"குடல்புண் நிரந்தரக் குணம், ஒரே மண்டலத்தில்" என்று செல்போனில் வந்து சத்தியம் செய்கிற வைத்தியத் திலகங்களுக்கு நன்றி சொல்ல நேரமில்லை. அவர்களுடைய பெயரில்லாப் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்பதை ஒருநாள் ஆய்வுக்கூடம் சொல்லட்டும்.

ஆனால் என்னைப்போன்ற இன்னொரு நோயாளியைப் பற்றிச் சொல்லாமல் இறங்கமாட்டேன். விலை குறைவு என்று அவருக்குச் சல்பாசலசைன் எழுதியிருந்தார்கள். நல்ல மருந்துதான், அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பலரைக் காப்பாற்றியது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்றுகூட அவருக்கு யாரும் சொல்லவில்லை, ரத்தம் என்று நினைத்து அலறியிருக்கிறார். சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. அந்த மருந்து ஆண்களுக்கு விந்தணுவைக் குறைக்கும். 1970களின் கடைசியிலிருந்தே மருத்துவ உலகுக்குத் தெரிந்த சங்கதி இது. அவருக்குக் குழந்தை இல்லை. மாமியார் மருமகளைக் கோயில் கோயிலாக இழுத்துப் போனார். அரசமரத்தைச் சுற்றவைத்தார், தொட்டில் கட்டவைத்தார். கருத்தரிப்பு மையங்களில் அந்தப் பெண்ணுக்கு ஸ்கேன், ஊசி, கடன். வளைகாப்பு வீடுகளில் அவளைப் பின்வரிசையில் உட்காரவைத்தார்கள். மாத்திரை தின்றவன் அவன், மலடி என்ற பேச்சு அவளுக்கு. யாருடைய சோம்பேறித்தனத்துக்கு யார் பழி சுமப்பது?

மருத்துவர்களே, சல்பாசலசைன் எழுதும்போது எதிரே இளைஞன் உட்கார்ந்திருந்தால் இதை மட்டும் சொல்லுங்கள்: "குழந்தை வேண்டும் என்றால் என்னிடம் வாருங்கள், மருந்தை மாற்றித் தருகிறேன், இரண்டு மூன்று மாதத்தில் சரியாகிவிடும்." சொல்லி முடிக்கப் பத்து விநாடி ஆகாது.