கள்ளா, கருப்பநீரா?

கேள்வி: இரண்டு சின்னப் பிள்ளைகளோடு வானில் திருகோணமலைக்குப் போகிறோம். வழியில் கள்ளுத் தவறணையைக் கண்டால் இவர் வானை நிறுத்தப் பார்ப்பார். என்ன செய்யலாம்?

பதில்: பனை சீவும் காலமென்றால் நிறுத்தட்டும், ஆனால் விடியற்காலையில், சீவுகிறவரிடம். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் இறங்குவது கருப்பநீர். பூசாவிட்டால் அதே பாளை, அதே சாறு, சில மணி நேரத்தில் புளித்துக் கள். முதலாவது பிள்ளைகளுக்கு, இரண்டாவது, வான் ஓட்டுகிறவருக்கு வேண்டவே வேண்டாம். பிறகு கன்னியா போங்கள். ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. சின்னவர் தலையில் வார்க்குமுன் உங்கள் கையில் ஊற்றிப் பாருங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், போர்த்துக்கேயர் 1624இல் கட்டிய கோட்டைக்குள் மான்கள் பக்கத்திலேயே வந்து மூக்கை நீட்டும். பாவம், பொலித்தீன் பையையும் தின்றுவிடும். பிள்ளைகள் கையிலிருப்பதை முதலில் வாங்கி வையுங்கள்.