பரண் பண்டிதர்

ஓசூர் சிப்காட்டில் முப்பது வருஷம் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே உத்தியோகம் பார்த்து, ஓய்வு பெற்ற மறுமாதமே தளிக்கும் ஜவளகிரிக்கும் இடையில் காட்டோரமாக இரண்டு ஏக்கர் புன்செய் வாங்கி, அதில் கேழ்வரகு விளைகிறதோ இல்லையோ, தமக்குள் வனஞானம் விளைந்துவிட்டது என்று திடமாக நம்புகிற ஒரு வர்க்கத்தார் எங்கள் எல்லைப் பிரதேசத்தில் பெருகி வருகிறார்கள். அவர்களுக்குப் பரண் பண்டிதர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். மான் வேட்டைக்கு ஓடைக்கரையில் எந்த மரத்தில், எவ்வளவு உயரத்தில், எந்தத் திசை பார்த்துப் பரண் கட்டவேண்டும் என்பது ஒன்றே அவர்களுடைய சாஸ்திரம்.

இந்தச் சாஸ்திரத்தில் ஒரு சிறு சங்கடம் உண்டு. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மானை வேட்டையாடுவது சிறைக்கு வழி. நான் அறிந்த பண்டிதரோ சட்டத்துக்கு மிகவும் அஞ்சுகிறவர். துப்பாக்கி என்ற வஸ்துவை வங்கி வாசல் காவலாளியின் தோளில் பார்த்ததோடு சரி. ஆனால் பிரயோகத்தில் தோற்பதற்கு வாய்ப்பே இல்லாத வித்தைதான் பரிசுத்தமான வித்தை என்பது அவருடைய சித்தாந்தம்.

அவருக்கு வேதம் ஒன்று உண்டு. பெங்களூர்வாசியான கென்னத் ஆண்டர்சன் எழுதி 1954இல் வெளிவந்த ‘நைன் மேன் ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்’ என்ற புத்தகத்தில் ஜவளகிரி ஆட்கொல்லிப் புலிக்கென்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. அந்த ஆண்டர்சன் பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் அதிகாரியாக இருந்தவர் என்ற செய்தி எப்படியோ பண்டிதரின் காதில் விழுந்துவிட்டது. அன்று தொட்டு, பேரேட்டையும் ஷிப்ட் அட்டவணையையும் கட்டி ஆண்டவனுக்குக் காடு தானே வசப்படும் என்று அவர் கருதத் தலைப்பட்டார். ஜவளகிரி பஸ்ஸில் ஏறியதும் குரலைத் தாழ்த்திக்கொள்ளவும் ஆரம்பித்தார்.

போன ஐப்பசியில் என்னையும் ஓடைக்கரைக்கு அழைத்துப்போனார். தமிழில் ஓடை, கன்னடத்தில் ஹள்ள, தெலுங்கில் வங்க என்று அதற்கு மூன்று பாஷைகளில் பெயர், தண்ணீர் முழங்காலளவு.

“மான் கண்ட இடத்தில் ஓடையைத் தாண்டாது, தெரியுமோ? செங்குத்தான கரையில் ஏன் இறங்கப்போகிறது? கரை சரிந்து மணல் இறங்கியிருக்கிற இடம் எதுவோ அதுதான் அதற்குக் கேட். ஆலையைச் சுற்றி எத்தனை நீளம் சுவர் இருந்தாலும் கார்டு அடிப்பது ஒரு கேட்டில்தானே!” என்றார். விடியற்காலம் மான்களுக்கு ஏ ஷிப்ட், அந்திவேளை பி ஷிப்ட், நடுப்பகலில் நிழலில் படுத்து அசைபோடுவது கேண்டீன் நேரம் என்பதையும் விளக்கினார். அந்தி சாய்ந்தால் மேட்டுக் காற்று குளிர்ந்து கனத்து ஓடை வழியே பள்ளத்துக்கு இறங்கும், வெயில் ஏறினால் அதே காற்று மேட்டைப் பார்த்து ஏறும், ஆகையால் அந்திக்குக் கட்டிய பரண் வெயில் ஏறிய பிறகு உதவாது. தண்ணீரின் சலசலப்பு நம் இருமலை மறைப்பதுபோலவே மானின் காலடியையும் மறைத்துவிடுமாதலால் கரையின் மேலேயே உட்காரவும் கூடாது. இவை எல்லாம் நிஜம். அதுதான் வேடிக்கை.

காற்றைச் சோதிக்கச் சட்டைப்பையிலிருந்து ஒரு விபூதிப் பொட்டலத்தை எடுத்து ஊதினார். அது முழுவதும் என் கண்ணில் வந்து விழுந்தது. “கிழக்கே போகிறது!” என்று பரம திருப்தியுடன் குறித்துக்கொண்டார்.

பிறகு மர ஆராய்ச்சி. நீர்மருதின் பட்டை வழுக்கும், ஆகாது. நாவல் பழுத்தால் கரடி வரும், ஆகாது. மூங்கில் யானையின் ஆகாரம். புளியமரத்தண்டை சற்று நேரம் தயங்கி நின்று, தமக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது என்று சொல்லிக்கொண்டே வேகமாக நடந்தார்.

உண்மையான பரண் ஒன்றைத் திரும்பும் வழியில் கண்டோம். கேழ்வரகு கதிர் பிடிக்கிற பருவத்தில் பன்னார்கட்டாப் பக்கத்திலிருந்து ஜவளகிரி வழியாகத் தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று யானைகள் இறங்கிவருவது எங்கள் சீமையில் வருஷந்தோறும் நடப்பது. அதற்காக ராக்காவல் இருக்கும் குடியானவர் ஒருவர் தம் கொல்லைக் கோடியில் கட்டியிருந்த பரண் அது. பண்டிதருக்கு மனம் பொறுக்கவில்லை.

“பெரியவரே, இது காற்றுக்கு எதிர்ப்பக்கமாக அல்லவா இருக்கிறது? உங்கள் வாடை மிருகத்துக்குப் போய்விடுமே!”

“போவட்டும் சார். போவணும்னுதானே ஒக்காந்திருக்கேன். வாடை பட்டு அதும்பாட்டுக்குத் திரும்பிப் போனா, எனக்குப் பட்டாசுக் காசு மிச்சம்.”

பண்டிதர் அதற்குப் பதில் சொல்லவில்லை. எனக்கோ தினைப்புனத்து வள்ளியின் ஞாபகம் வந்தது. அந்தப் பரணும் விரட்டுவதற்குக் கட்டியதுதான். மான் வயிற்றில் பிறந்தவள் மேலேயும், அவளைத் தேடிவந்த வேடன் கீழேயும் நின்ற பரண் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

கடைசியில் பண்டிதரும் தம் நிலத்தின் ஓடைக்கோடியில் ஒரு பரண் எழுப்பினார். வேட்டைக்கு அன்று, வெறும் தரிசனத்துக்கு. பழைய சகா ஒருவர் இரும்புச் சட்டம் பற்றவைத்துக் கொடுத்தார். தேக்குப் பலகை, ஏணி, பச்சை வர்ணம் எல்லாம் ஏற்பாடாயின. கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்க்கும் சமயத்தில் அவருடைய சம்சாரம் ஒரு கேள்வி கேட்டார்: “இந்த முட்டியை வெச்சிக்கிட்டு நீங்க ஏறிட்டா, அப்புறம் யாரு எறக்கறது?” பண்டிதர் ஏறவில்லை.

தை மாதம் நான் போனபோது கேழ்வரகில் பெரும்பகுதியை மான்கள் மேய்ந்திருந்தன. துக்கம் விசாரிக்க வாயெடுத்த என்னைக் கையைப் பிடித்து ஓடைக்கு இழுத்துப்போய், மணலில் இருந்த குளம்புச் சுவடுகளைக் காட்டினார். “பார்த்தீரா? நான் சொன்ன அதே கேட்!” என்ற அவர் முகத்தில், பதவி உயர்வு கிடைத்த அன்றுகூட அவ்வளவு பிரகாசம் இருந்திருக்காது.

கரையில் இரும்புச் சட்டம் மட்டும் நின்றது. பலகைகளை அம்மாள் கழற்றிக் கொண்டுவரச் சொல்லிச் சமையலறையில் பரண் அடித்துவிட்டார். தப்பிய கேழ்வரகு அரை மூட்டை அதன்மேல்தான் இருக்கிறது.