வெந்த நண்டு நீந்துமா?

துறைமுகத்தில் சரக்குக் கணக்கெடுக்கும் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு ராயபுரத்தில் என்ன மரியாதை கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள்? தெருவில் எந்தப் பிள்ளைக்குப் பிறந்தநாள் வந்தாலும் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். "நீங்க நாலு புக்கு படிச்சவரு. புள்ளைக்கு இன்னா புக்கு வாங்கலாம், சொல்லுங்கண்ணே."

கூடவே நிபந்தனைகளும் வரும். புத்தகம் இங்கிலீஷில் இருக்கணும். பொது அறிவு வளரணும். கடைசிப் பக்கத்தில் நீதி இருக்கணும். நீட் பரீட்சைக்கும் கொஞ்சம் உதவினால் நல்லது. விலை நூறு ரூபாயைத் தாண்டக் கூடாது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பிள்ளைக்கு என்ன வயசு என்றால், "வர்ற மாசம் ரெண்டு முடியுது" என்பார்கள்.

ரெண்டு வயசுப் பிள்ளை புத்தகத்தைப் படிக்காது, தின்னும். ஆகவே எழுத்தாளர் யார், பதிப்பகம் எது என்றெல்லாம் ஆராய வேண்டாம். அட்டை கெட்டியா, முனை மழுங்கியிருக்கிறதா, நடுவில் பின் குத்தியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். வீடு எண்ணூர்ப் பக்கம் என்றால் இன்னொன்றும் உண்டு: வெள்ளை அட்டை வாங்காதீர்கள். நிலக்கரித் தூசியும் சாம்பலும் ஜன்னல் வழியாக வந்து படிந்து, அட்டையில் இருக்கும் முயல்குட்டி ஒரே வாரத்தில் பெருச்சாளி ஆகிவிடும். ஈரத்துணியால் துடைக்கிற மாதிரி வழவழப்புத் தாளாகப் பார்த்து வாங்குங்கள்.

நாலு, அஞ்சு வயசுக்கு வாங்கும்போது ஞாபகம் வைக்க வேண்டியது, படிக்கப் போவது நாம்தான். தினம் ராத்திரி அதே கதை, அதே குரல். தூக்கக் கலக்கத்தில் ஆயா ஒரு பக்கத்தைத் தள்ளிவிட்டால், எழுத்தே தெரியாத பிள்ளை கையைப் பிடித்துப் பழைய பக்கத்துக்கு இழுத்து வரும். அதனால் பெரியவர்களின் வாய்க்கும் சலிக்காததாக இருக்க வேண்டும். அழ. வள்ளியப்பா வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய பாட்டுகள் இதற்கு அருமை; ஓசை நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும், பாதித் தூக்கத்திலும் சொல்லலாம். சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகங்களில் ஒரே பக்கத்தில் தமிழும் இங்கிலீஷும் இருக்கும். மாமியார் தமிழைப் படிக்கலாம், மருமகள் இங்கிலீஷைப் படிக்கலாம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

படத்தைப் பிள்ளைகள் நம்மைப் போல் மேலோட்டமாகப் பார்ப்பதில்லை. என் தங்கை பேரன் காசிமேட்டில் வளர்கிறவன். மீன் ஏலம் விடுகிற சத்தத்தில் பிறந்து, வஞ்சிரத்தையும் சங்கராவையும் நாற்றத்திலேயே பிரித்துச் சொல்கிற பிள்ளை. அவனுக்குக் கடல் பற்றிய படப்புத்தகம் ஒன்று வாங்கிப் போனேன். நல்ல விலை, வெளிநாட்டு அச்சு. முதல் பக்கத்தில் ஒரு மீன் கண் சிமிட்டியது. அதற்குச் செதில் எங்கே என்று விரலால் தடவித் தேடினான். அடுத்த பக்கத்தில் நீலக்கடல். அடியில் செக்கச்செவேலென்று ஒரு நண்டு, இளித்துக்கொண்டு கொடுக்கை ஆட்டிக்கொண்டிருந்தது. பையன் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தான். பிறகு உள்ளே பார்த்துக் கத்தினான்: "ஆயா, இந்த நண்ட எவனோ வேக வெச்சு, திருப்பி கடல்ல வுட்டுக்கிறான்!"

அவன் சொன்னது நியாயம்தானே? எங்கள் கரையில் வலையில் வருகிற நண்டு பெரும்பாலும் நீலமாகவோ பச்சையாகவோதான் இருக்கும், சிவப்பது அடுப்பில். அந்தப் புத்தகத்தின் அட்டையில் "வயது 6 முதல் 8 வரை" என்று அச்சிட்டிருந்தார்கள். துறைமுகத்தில் பெட்டிமேல் எழுதியிருப்பதை மட்டும் நம்பி டாலி போட்டவன் எவனும் உருப்பட்டதில்லை. புத்தகத்துக்கும் அப்படித்தான். அந்த வயதுக் கணக்கு கடைக்காரர் அலமாரியில் அடுக்கிவைக்கத்தான் உதவும்.

இதைத் தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறது. 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நாலு வகையாகப் பிரித்தார்கள். வயது கிடையாது, வகுப்பு கிடையாது. எட்டாவது படிக்கிறவனுக்கு எழுத்துக்கூட்டத்தான் வருகிறது என்றால் "நுழை"யில் நுழையலாம். மூணாவது படிக்கிற சுட்டி "பற"வில் பறக்கலாம். நம் வீடுகளில்தான், "தடிமாடு மாரி வளந்துட்டு படம் போட்ட புக்கு படிக்கிறான் பாரு" என்று தலையில் குட்டுகிறோம்.

பத்து, பன்னிரண்டு வயதுக்கு நான் வெட்கமில்லாமல் காமிக்ஸ் சிபாரிசு செய்வேன். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தபோது முதல் இதழே இரும்புக்கை மாயாவிதான். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்து, இரும்புக்கை மட்டும் தெரியும். சின்ன வயசில் எர்ணாவூரில் நாங்கள் ஒரு பிரதியைப் பத்துப் பேர் சுற்றில் விட்டுப் படித்தோம். பக்கத்திலேயே 1970இல் எண்ணூர் அனல் மின் நிலையம் ஓட ஆரம்பித்திருந்தது. அவ்வளவு மின்சாரம் அருகில் இருந்தும் எங்களில் ஒருவன்கூட மாயமாகவில்லை. வாத்தியார் வந்தால் காமிக்ஸ்தான் மாயமாகும். ஆனால் வேகமாகத் தமிழ் படிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது பாடப்புத்தகம் இல்லை, அந்த இரும்புக்கைதான்.

பதின்மூன்று தாண்டியதும் அப்பாக்கள் உள்ளே வந்துவிடுவார்கள். பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் வாங்கி ஷோகேஸில் அடுக்குவார்கள். பையன் முதல் பாகத்தைத் திறக்காமலே கேரம் போர்டுக்கு முட்டுக் கொடுப்பான். அவனை விரட்டாதீர்கள். ரஷ்ய எழுத்தாளர் ரஸ்கினின் "அப்பா சிறுவனாக இருந்தபோது" கிடைத்தால் கொடுத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் மாஸ்கோவிலேயே தமிழில் அச்சடித்து அனுப்பினார்கள், என்சிபிஎச் புத்தகக் கடைகளில் அள்ளிக்கொண்டு வர முடிந்தது. 1991இல் சோவியத் போனது, அந்த மலிவு விலையும் போனது. அப்பா அசடு வழிந்த கதை என்றால் எந்தப் பிள்ளைதான் படிக்காது?

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் வேறு கேள்வியோடு வருவார்கள். "இந்த வயசுல இதெல்லாம் படிக்கலாமா?" எழுத்தாளர் யெஸ். பாலபாரதியின் "மரப்பாச்சி சொன்ன ரகசியம்" 2020இல் சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய புரஸ்கார் வாங்கிய நாவல். தப்பாகத் தொடுகிறவர்களைப் பற்றிப் பெரியவர்கள் வாய்திறக்கக் கூசுவதை ஒரு மரப்பாச்சிப் பொம்மை பக்குவமாகச் சொல்கிறது. படிக்கலாம்மா, முதலில் நீ படி, அப்புறம் அவளிடம் கொடு என்பேன். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு வேடிக்கை கிடையாது.

நீதி கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கதை முடிந்ததும் "இதிலிருந்து நாம் அறிவது" என்று ஒரு வரி வந்தாலே பிள்ளை புத்தகத்தை மூடிவிடும். இதிலிருந்து நாம் அறிந்தால் சரி.

இந்திய நூலகத் துறையின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன், சீர்காழிக்காரர், 1931இல் ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்றார், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்றார். இத்தனை வயது என்று எங்கும் சொல்லவில்லை. 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததற்கும் அவர்தான் காரணம். அந்தச் சட்டத்தால்தான் இன்றும் நம் வீட்டுவரியோடு நூற்றுக்குப் பத்து நூலக வரி சேர்ந்து போகிறது.

ஆக, துட்டு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. என் வீட்டுக் கதவைத் தட்டுவதற்குப் பதில், ஒரு சாயங்காலம் பிள்ளையைக் கிளை நூலகத்துக்குள் விட்டுவிட்டு, எதிர்க் கடையில் நிதானமாக ஒரு டீ குடியுங்கள். அது எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், அட்டையில் வயதைத் தேடாமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக் கொடுங்கள்.