சத்வாவில் கேவிஎம் சுவிட்ச்: தோற்றமும் வளர்ச்சியும் இருட்டும் – ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழில் ஆய்வு செய்யப்படாத பொருளே இல்லை என்பது பொதுவான கருத்து. ஒரே கீபோர்டையும் ஒரே மானிட்டரையும் இரண்டு கணினிகளுக்குப் பொதுவாக்கும் கேவிஎம் சுவிட்ச் குறித்து, துபாயின் சத்வா பகுதியில் உள்ள எங்கள் கட்டிடத்தைப் பொறுத்தவரை, இதுவரை எவரும் முனைவர் பட்டம் பெறவில்லை என்பதைச் சுட்டி அக்கருத்தை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அந்நோக்கம் இப்பத்தியிலேயே நிறைவேறிவிட்டது. எனினும் கருத்தரங்கக் கோவைக்குக் குறைந்தது நான்கு பக்கம் வேண்டுமாம். ஆதலால் தொடர்வோம்.

ஆய்வு எல்லை

மேற்கே ஜுமேரா, கிழக்கே ஷேக் சாயித் சாலை, வடக்கே இரண்டாம் டிசம்பர் தெரு, தெற்கே என் கட்டிலின் கால்மாடு. இரண்டாம் டிசம்பர் தெருவின் பழம்பெயர் தியாஃபா. 1971இல் அமீரகம் உருவான நாளின் பெயரைப் பலகை சொல்லும், பழம்பெயரைப் பழைய ஆட்கள் சொல்வார்கள். 2008இல் அறிவிக்கப்பட்ட ஜுமேரா கார்டன் சிட்டி திட்டத்துக்காகச் சத்வாவின் பழைய வில்லாக்கள் பல இடிபட்டன. அவற்றோடு மறைந்த விஜிஏ கேபிள்கள் எத்தனையோ! முதற்கடல்கோளுக்குப் பின் நேர்ந்த பேரிழப்பு இது. கடல்கோளுக்குள்ள அதே அளவு சான்று இதற்கும் உண்டு.

ஆய்வின் தேவை

கம்பெனி கொடுத்த லேப்டாப் ஒன்று, சொந்தக் காசில் வாங்கிய சிஸ்டம் ஒன்று. பகிர்ந்த அறையில் கட்டிலுக்கு மட்டும் கொடுக்கும் பெட் ஸ்பேஸ் வாடகையில் மேசை சேராது. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே சொருகிய பலகைதான் மேசை. அதில் ஒரு மானிட்டர், ஒரு கீபோர்டு, ஒரு சாயா கிளாஸ் வைக்கலாம். இரண்டாவது மானிட்டர் வந்தால் சாயாவை எங்கே வைப்பது என்பதே இத்துறையின் மூலவினா.

கீபோர்டும் லேசுப்பட்டதன்று. இங்கே கடையில் கிடைப்பதில் ஆங்கிலத்தோடு அரபியும் அச்சாகியிருக்கும். தமிழ்நாடு அரசு 1999இல் தரப்படுத்திய தமிழ்99 நம் விரலில் இருக்கும். இப்படி மும்மொழி ஏறிய கீபோர்டு ஓர் அறைக்கு ஒன்று போதும்.

வகைப்பாடு

அ. திருகு வகை: குமிழைத் திருகினால் 'ஏ', மறுபடி திருகினால் 'பி'. விஜிஏயின் 15 ஊசிகளும் உள்ளே நறநறக்கும். தொல்லியல் துறைக்குரியது.

ஆ. பிஎஸ்/2 வகை: 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த வட்டத் துளை. பின்னாளில் ஊதா கீபோர்டுக்கு, பச்சை மவுசுக்கு என்றாயிற்று. நிறம் மாற்றிச் சொருகியோர் பற்றித் தனி நூல் தேவை.

இ. நான்கு போர்ட் வகை: நான்கு கணினி வைத்திருப்பவர் பெட் ஸ்பேஸில் இருக்க மாட்டார்.

ஈ. மென்பொருள் வகை: சினெர்ஜி, மைக்ரோசாஃப்டின் மவுஸ் விதவுட் பார்டர்ஸ் முதலியன. மவுஸ் அம்புக்குறியை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும். திரையைப் பொதுவாக்காது. கம்பெனி லேப்டாப்பில் இதை ஏற்ற ஐடி பிரிவின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தவர் எவரும் கள ஆய்வில் அகப்படவில்லை.

உ. எச்டிஎம்ஐ வகை: நிகழ்காலம். இதன் முதன்மைக் கூறு இருட்டு. அதுவே அடுத்த இயல்.

இருட்டியல்

பொத்தானை அமுக்கியதும் திரை இருளும். பிறகு அடுத்த கணினி தோன்றும். இடைப்பட்ட இருட்டு யாருடையது? மானிட்டருடையது என்பார் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டார் (வாய்மொழி). அன்று, சுவிட்சுடையது என்பார் கீழ்த்தட்டார் (வாய்மொழி, ஏசி ஓடும்போது, ஆதலால் பாதி கேட்கவில்லை). இருவரும் பிழைபட்டனர், கேபிளுடையதே என்பார் சன்னலோரத்தார் ('இருட்டு நூற்பா உரை', கஃப்டீரியா ரசீதின் பின்புறம், இரண்டாம் பதிப்பு, முதற்பதிப்பில் சாயா சிந்தியது). இம்மூவர் கொள்கையையும் சமையல் முறைக்காரர் மறுக்கிறார் ('மூவர் மயக்கம் தெளிவு', வாட்ஸ்அப் குரல் பதிவு, தாளிக்கும் ஓசை ஊடே, சன்னலோரத்தாரின் ரசீது உண்மையில் தம் கணக்கில் எழுதப்பட்டது என்னும் பின்னிணைப்புடன்).

இருட்டு மூவகைப்படும்.

சிற்றிருட்டு: புதிய சிக்னலை மானிட்டர் பிடித்துக்கொள்ள எடுக்கும் நேரம். சாதாரணச் சுவிட்சுகளில் இது முழுவதும் போகாது. மேல்தட்டார் கொள்கை இவ்வளவில் செல்லும்.

பேரிருட்டு: எச்டிஎம்ஐயில் 19 ஊசிகள். திரை இருக்கிறதா என்று கணினி பார்ப்பது 19ஆம் ஊசியில். மலிவான சுவிட்ச், கைவிட்ட கணினியின் பக்கம் அந்த ஊசியைச் செத்துப்போக விடும். 'மானிட்டரைக் கழற்றிவிட்டார்கள்' என்று கணினி முடிவுகட்டி, திறந்திருந்த விண்டோக்களையெல்லாம் லேப்டாப்பின் சின்னத் திரைக்கு வாரிக் குவிக்கும். திரும்பி வந்ததும் மானிட்டரின் சாதகம் போன்ற இடிஐடியை மறுபடி கேட்டு வாங்கும். அளவு என்ன, எந்தெந்தத் தெளிவுத்திறன் தாங்கும் என்பதெல்லாம் அடங்கிய அடிப்படைப் பகுதி 128 பைட் மட்டுமே. அதன் ஒரு நகலைத் தன்னுள் வைத்துக்கொண்டு, 'மானிட்டர் இங்கேதான் இருக்கிறது' என்று இரு கணினிகளிடமும் பொய் சொல்லும் சுவிட்சே உத்தமம். இதற்கு இடிஐடி எமுலேஷன் என்று பெயர். கீழ்த்தட்டார் இங்கே வெல்கிறார். ஆனால் அவர் வென்ற விதம் சரியில்லை. பத்துப்பாட்டில் நச்சினார்க்கினியர் செய்ததுபோல, எங்கோ கிடந்ததை எடுத்து எங்கோ மாட்டித்தான் அவர் பொருள் காண்கிறார். பெரும்புலவர் மாட்டியது சொல்லை, இவர் மாட்டியது என் சார்ஜரை.

மீளா இருட்டு: திரை திரும்பி வரவே வராது. இதுபற்றி நால்வரும் நள்ளிரவு வரை வாதிட்டனர். 'கண் அடிக்கும் பச்சை விளக்கு இல்லாமை இலக்கணமா, வழுவா?' என்பது வரை சென்றது ('நால்வர் வாதத் திரட்டு', தொகுதி ஒன்று, பாடபேதங்களுடன், தொகுதி இரண்டு வாடகைத் தகராறு பற்றியது). ஐந்தாமவர் ஒருவர் எழுந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பார்த்தார். சுவிட்சின் அடாப்டரைப் பிடுங்கிவிட்டு அந்த மூன்று செவ்வகத் துளையில் அயர்ன் பாக்ஸைச் சொருகியிருந்தார்கள். ஓலையைப் பார்க்காமலே பாடபேத நூல் எழுதும் மரபு நம்மிடம் உண்டாதலால் நால்வரையும் குறைகூற இயலாது.

தேர்வு நெறி

பெட்டியில் '4கே' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பொடி எழுத்தையும் பார்க்க. 30 ஹெர்ட்ஸ் எனில் எச்டிஎம்ஐ 1.4இன் எல்லை அது; மவுஸ் அம்பு இழுபட்டு நகரும். 60 வேண்டுமெனில் 2.0 தேவை. பல சுவிட்சுகள் ஸ்க்ரோல் லாக்கை இருமுறை தட்டினால் கணினி மாற்றும். 1981இல் ஐபிஎம் பிசியோடு வந்து, பிறகு வேலையே இல்லாமல் உட்கார்ந்திருந்த அந்த விசைக்குக் கிடைத்த பணி இது. சிறிய கீபோர்டுகளில் அவ்விசையே இராது. வாங்குமுன் இரண்டையும் பொருத்திப் பார்க்க.

தகவலாளிப் பேட்டி

கள ஆய்வுக்காகப் பர் துபாயின் காலித் பின் வலீத் சாலைக்கு, நம்மவர் சொல்லும் கம்ப்யூட்டர் ஸ்ட்ரீட்டுக்கு, செல்ல நேர்ந்தது. இருட்டின் மூவகையை விளக்கத் தொடங்கியதும் மலையாளக் கடைக்காரர் இடைமறித்தார்.

"அண்ணா, கம்பெனி லேப்டாப்பில் எச்டிஎம்ஐ உண்டோ? அல்ல, டைப்-சி மட்டுமோ?"

டைப்-சி மட்டும். மேற்கண்ட நான்கு உரையிலும் இல்லாத கேள்வி. லேப்டாப்பில் எச்டிஎம்ஐ துளையே இல்லாவிட்டால் எச்டிஎம்ஐ சுவிட்சை எதில் மாட்டுவது? டைப்-சியிலிருந்து எச்டிஎம்ஐக்கு ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். அல்லது டைப்-சியே உள்ள சுவிட்ச் வேண்டும். அந்த டைப்-சி, படத்தை வெளியே அனுப்பும் வகையாகவும் இருக்க வேண்டும். கடைக்காரருக்கு ஆய்வு நெறிமுறை தெரியாது. கருதுகோள் இல்லை, இயல் பகுப்பு இல்லை, நெறியாளருக்கு நன்றியில்லை. ஆகவே அவர் கூற்றைச் சான்றாகக் கொள்ள இயலவில்லை. பொருளை மட்டும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மேலாய்வுக் களங்கள்

சத்வாச் சுவிட்சுகளில் பெண்ணியம். கேபிள் நீளமும் தமிழர் வீரமும். ஸ்க்ரோல் லாக் விசையின் தொன்மை. இவற்றை மேற்கொள்வோர்க்குக் கட்டணம் செலுத்தியதும் கட்டுரை வெளியிடும் பன்னாட்டு இதழ்கள் பல உள்ளன. ஒரே ஓர் எச்சரிக்கை: ஆய்வு முடிவதற்குள் யாரும் கடைக்குப் போய்ச் சுவிட்சை வாங்கிவிடக் கூடாது. வாங்கி மாட்டி வேலை செய்துவிட்டால், எழுத ஒன்றும் மிஞ்சாது.