இதர நபர்கள்

ஏலே பேராண்டி, நம்ம தெரு நற்பணி மன்றத்துக்குச் சட்டதிட்டம் எழுதிட்டியாமே? உக்காரு. அந்த வெத்தலைப் பெட்டியை இப்படித் தள்ளு. உன் தாளைப் படிக்க முந்தி பிலடெல்பியாவுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம்.

1787. நல்ல கோடை. அமெரிக்காவுக்குச் சாசனம் எழுத மே கடைசியில கூடுன கூட்டம் செப்டம்பர் 17-லதான் கலைஞ்சிது. ஜன்னலைச் சாத்தி, வாசல்ல காவலும் போட்டாச்சு. மக்களுக்காக ஆட்சி அமைக்காவ, மக்க காதுல மட்டும் விழுந்துறப்படாது! வந்து போனவுக 55 பேரு. ரோட் ஐலண்டு மாகாணத்துக்காரவுக எட்டியே பாக்கல. தலைமை வாஷிங்டன். 81 வயசு பிராங்ளின் பல்லக்குல வந்தாரு. என்னைவிட ரெண்டே வயசு மூப்பு. எனக்கு நீ சைக்கிள்கூட மிதிக்க மாட்டேங்கே.

முன்வரிசையில மேடிசன் உக்காந்து ஒண்ணு விடாம எழுதினாரு. அது அச்சுல வந்தது 1840-ல, அவரு செத்து நாலு வருசம் கழிச்சு. கூட்டக் குறிப்பை இப்படில்லா பத்திரப்படுத்தணும்! வெவரமான ஆளு. கூட்டத்துக்கு முந்தியே பாரீஸ்ல இருந்த ஜெபர்சன்கிட்டச் சொல்லி, பெட்டி பெட்டியா புத்தகம் வரவழைச்சுப் படிச்சுட்டுத்தான் வந்தாரு.

பிரான்சு நாட்டு மாண்டெஸ்கியூ 1748-லயே சொல்லிட்டாரு: சட்டம் போடுறவன், நடத்துறவன், தீர்ப்பு சொல்லுறவன், மூணு பேரும் ஒரே ஆளா இருந்தா குடி கெட்டுதுன்னு. இவுக அதை அப்படியே பிடிச்சுக்கிட்டாவ. சட்டம் போட காங்கிரஸு. பிடிக்கலன்னா ஜனாதிபதி திருப்பி அனுப்பலாம். ரெண்டு சபையிலயும் மூணுல ரெண்டு பங்கு பேரு கைதூக்கினா, அவரு பேச்சும் எடுபடாது. பெட்டி ஒருத்தன்கிட்ட, சாவி இன்னொருத்தன்கிட்ட. ஒருத்தனும் யோக்கியன் இல்லேன்னு நெனைச்சுக் கட்டுன வீடு, அதான் இன்னும் நிக்குது. நீ என்னடான்னா தலைவர், பொருளாளர், தணிக்கை மூணுக்கும் உம்பேரையே போட்டிருக்கே.

இங்கிலாந்துல லாக்குன்னு ஒருத்தரு. உசிரும் சுதந்திரமும் சொத்தும் பிறப்போட வந்த உரிமை, ராசா போட்ட பிச்சையில்லன்னாரு. அந்த வழியிலதான் ஜெபர்சன் 1776-ல எல்லா மனுசனும் சமம்னு எழுதினாரு. எழுதையில பணிவிடைக்கு அவரு கூட்டிட்டு வந்த பையன் ராபர்ட் ஹெமிங்ஸ். வயசு 14. அவரோட அடிமை.

சாமர்த்தியத்தை இனிமேதான் பாக்கப்போறே. 1787 சாசனத்துல அடிமைங்கற சொல்லே கிடையாது, தேடிப் பாரு. மாகாணத்துக்கு இத்தனை உறுப்பினர்னு தலை எண்ணணும்லா? சுதந்திரமான ஆளுகளை முழுசா எண்ணு, 'இதர நபர்கள்'ல அஞ்சுல மூணு பங்கை எண்ணுன்னு எழுதினாவ. அடிமைகளைக் கப்பல்ல இறக்குறதை 1808 வரைக்கும் தடுக்கப்படாது, தலைக்கு 10 டாலருக்கு மேல வரி கூடாது. அங்கயும் 'அத்தகைய நபர்கள்'. தப்பி ஓடினா பிடிச்சுக் குடுக்கணும், அங்க 'வேலைக்குக் கட்டுப்பட்ட நபர்'. மூணு இடம், மூணு முக்காடு. வெக்கம் இருந்திருக்கு பாத்தியா, ஆனா வெக்கத்துக்கு வரியா போட முடியும்?

அடிமைங்கற அந்தச் சொல்லு சாசனத்துல முதமுதலா ஏறுனது 1865-ல. அதை ஒழிச்சாச்சுன்னு எழுதுறதுக்கு! நடுவுல ஒரு பெரும் போரே நடந்து முடிஞ்சிது.

சரி, இப்ப உன் தாளை எடு. கண்ணாடி எங்கலே? ம்... மூணாம் பக்கம். 'குடிநீர்த் தொட்டியை உறுப்பினர்களும், அனுமதி பெற்ற இதர நபர்களும் பயன்படுத்தலாம்.'

யாருலே அந்த இதர நபர்கள்?